டிசம்பர் பூச்செடிக்குக் கவாத்து: எந்த மாதம், எந்தக் கணு

கார்த்திகை பிறந்ததும் தெருவில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். "அக்கா, உங்க வீட்டுச் செடி பூத்துக் கொட்டுது. எங்க வீட்டுல ஆள் உயரம் நிக்குது, பேருக்குக்கூட ஒரு பூ இல்ல. என்ன உரம் போடுறீங்க?" உரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கடைசியாக எப்போது வெட்டினீர்கள்?

பெரும்பாலும் வரும் பதில் புரட்டாசி. ஆனி, ஆடிச் சாரலை முழுக்கக் குடித்துவிட்டு ஆவணியில் செடி வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். நவராத்திரிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற கையோடு அதையும் ஒரு சீவு சீவிவிடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வருடப் பூ அந்தக் குப்பையோடு போய்விட்டது. இந்தச் செடிக்கு எவ்வளவு வெட்டினோம் என்பதைவிட எப்போது வெட்டினோம் என்பதுதான் முக்கியம். ஆழமாக வெட்டினாலும் பொறுத்துக்கொள்ளும், மாதம் தப்பினால் பொறுக்காது.

செங்கோட்டை, தென்காசி, புளியரை வட்டாரத்தை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை, புனலூரில் இருக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். மழை விஷயத்தில் மட்டும் சின்ன வித்தியாசம் உண்டு, அதை அங்கங்கே சொல்கிறேன். மாதங்களைத் தமிழ்க் கணக்கிலேயே வைத்திருக்கிறேன். மாசி என்றால் அங்கே கும்பம், ஆடி என்றால் கர்க்கடகம். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர்தான், இரண்டு கணக்கும் இங்கே யாருக்கும் புதிதில்லை.

செடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்

கத்தரியை எடுப்பதற்கு முன்னால் ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள். டிசம்பர் பூ, கனகாம்பரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் பார்லேரியா கிறிஸ்டாட்டா. லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர். ஊதா, வெள்ளை, ரோஸ், வெள்ளையில் ஊதாக் கோடு என்று பல நிறங்களில் உண்டு. வாசனை கிடையாது. நிறம் எதுவானாலும் வெட்டும் முறை ஒன்றுதான்.

தண்டில் இலைகள் எதிரெதிராக, இரண்டிரண்டாக இருக்கும். அவை புறப்படும் இடத்தில் தண்டு லேசாகப் புடைத்திருக்கும். அதுதான் கணு. இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் கடுகளவு பச்சையாக ஒரு மொட்டு தெரியும். ஒரு கணுவில் இரண்டு இலை இருப்பதால் மொட்டும் இரண்டு. கணுவுக்கு மேலே வெட்டினால் அந்த இரண்டும் கிளையாக நீளும். ஒரு தண்டு இரண்டாகும். கவாத்தின் சூட்சுமம் முழுவதும் இந்த இடுக்கில்தான் இருக்கிறது.

அடுத்து, பூ எங்கே வருகிறது என்று பாருங்கள். போன வருடத்துச் சாம்பல் நிறக் கட்டைத் தண்டில் வராது. இந்த வருடம் முளைத்து, சாரலில் வளர்ந்து, ஐப்பசி வாக்கில் முதிர்கிற புதுத் தண்டின் நுனியிலும், நுனியை ஒட்டிய இலை இடுக்குகளிலும்தான் கொத்துக் கொத்தாக வரும். ஆக, புதுத் தண்டு நிறைய வேண்டும். அவை முதிர்வதற்கு அவகாசமும் வேண்டும். மாசியில் வெட்டினால் இரண்டும் கிடைக்கும். புரட்டாசியில் வெட்டினால் தண்டு கிடைக்கும், அவகாசம் கிடைக்காது. தையில் நாலு பூ எட்டிப் பார்த்தால் உண்டு.

பெரிய வெட்டு: தைக் கடைசி முதல் மாசி வரை

பூ ஓய்ந்து, கொத்துகள் பழுப்பேறி, காய் பிடித்திருக்கும் நேரம் இது. பனியும் குறைந்திருக்கும். செடி ஒரு மாதிரி அயர்ந்து நிற்கும், புதுத் துளிர் இன்னும் கிளம்பியிருக்காது. வெட்டுவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை.

கத்தரி: நர்சரிக் கடைகளில் கிடைக்கும் கவாத்துக் கத்தரியில் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகையை வாங்குங்கள். ஒரு அலகு இன்னொன்றின் மேல் போய் உட்காரும் வகை, பச்சைத் தண்டை நசுக்கிவிடும். அரிவாளால் கொத்துவது வேண்டாம். ஒரே வீச்சில் வேலை முடியும்தான், ஆனால் தண்டு நெடுக்காகப் பிளந்து, பிளவு வழியாகக் கீழ்நோக்கிக் காய்ந்துகொண்டே போகும். கட்டைவிரல் பருமனுக்கு மேல் இருந்தால் சின்ன ரம்பம். அலகை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு செடியில் மாவுப்பூச்சியோ கருகலோ இருந்தால், அடுத்த செடிக்குப் போகும் முன் மறுபடியும் துடையுங்கள்.

கையுறை இருந்தால் போட்டுக்கொள்ளலாம். தண்டில் முள் இல்லை என்று அசட்டையாகக் கை வைத்தால், காய்ந்த பூங்கொத்தின் செதில்கள் சுருக்கென்று குத்தும். அவற்றின் ஓரம் முழுக்கக் கூரான பல்.

முதல் வேலை, செத்த குச்சிகளை எடுப்பது. நகத்தால் தோலைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக மடமடவென்று உடைந்தால் இல்லை. செத்ததை உயிருள்ள இடம் வரை வெட்டி எறியுங்கள். செடிக்குள்ளே நூல் மாதிரி மெலிந்து கிடப்பவை, ஒன்றோடொன்று உரசுபவை, தரையில் படுத்தவை எல்லாம் இதோடு போகட்டும். இவ்வளவு செய்ததும் செடியின் எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

இனி, பென்சில் பருமனுக்குக் குறையாத, நேராக நிற்கும் 5 முதல் 7 தண்டுகளைத் தேர்ந்தெடுங்கள். அவை ஒரே பக்கமாக இல்லாமல் சுற்றிலும் பரவியிருக்க வேண்டும். மற்றவற்றை அடியோடு எடுத்துவிடலாம். நிறுத்திய தண்டுகளைத் தரையிலிருந்து சுமார் ஒரு அடி உயரத்தில் வெட்டுங்கள். புதிதாக வெட்டுபவர்களுக்குக் கை நடுங்கும் இடம் இதுதான். இடுப்பளவு செடியை முழங்காலுக்குக் கீழே இறக்குவதென்றால் யாருக்கும் மனசு வராது. பாதி வெட்டிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தினால் துளிர் எல்லாம் மேலேயே கிளம்பி, கீழே வெறும் குச்சியும் மேலே குடையுமாக நிற்கும். சாரல் காற்றில் அது சாய்வது நிச்சயம்.

வெட்டும் இடம்: நல்ல கணு ஒன்றைப் பார்த்து, அதற்கு மேலே அரை விரற்கடை விட்டு. அதிகம் விட்டால் அந்த முனை காய்ந்து கருக்கும். ஒட்டி வெட்டினால் மொட்டே போய்விடும். ரோஜாவுக்குச் சாய்த்து வெட்டச் சொல்வார்கள். அங்கே கணுவுக்கு ஒரு மொட்டு, அதற்கு எதிர்ப்பக்கம் சாய்க்கலாம். இங்கே இரண்டு பக்கமும் மொட்டு. சாய்த்தால் ஒரு பக்கத்து மொட்டுக்கு அருகில் வெட்டு வந்துவிடும். ஆகவே நேர்வெட்டு. ஒவ்வொரு தண்டிலும் வெட்டுக்குக் கீழே குறைந்தது இரண்டு, மூன்று கணுக்கள் மிஞ்ச வேண்டும்.

காலை வெயில் ஏறும் முன் செய்யுங்கள். மழை ஈரத்தில் வேண்டாம். மெல்லிய வெட்டுகளுக்கு மருந்து எதுவும் தேவையில்லை, தானாகவே காய்ந்துவிடும். ரம்பம் போட்ட தடித்த வெட்டுகளுக்கு மட்டும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாண மருந்தைத் தண்ணீரில் குழைத்துத் தடவலாம்.

புனலூர்ப் பக்கம் மாசியிலும் மண்ணில் ஈரம் இருக்கும், பிரச்சினை இல்லை. சுரண்டை, ஆலங்குளம் மாதிரி கிழக்கே தள்ளி, தண்ணீருக்குத் திண்டாடும் ஊராக இருந்தால் அவசரப்பட வேண்டாம். வெட்டிய செடி துளிர்க்கும் நேரத்தில் பங்குனி வெயில் அதை வறுத்துவிடும். அங்கே காய்ந்த கொத்துகளை மட்டும் மாசியில் எடுத்துவிட்டு, சித்திரையில் கோடை மழை ஒன்று விழுந்ததும் பெரிய வெட்டை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தள்ளக் கூடாது.

வெட்டியதை என்ன செய்வது

குப்பையில் தள்ளுவதற்கு முன்னால் காய்களைக் கவனியுங்கள். சின்னதாக, தட்டையாக, முனை கூராக இருக்கும். முற்றிய காய் வெயில் சூடேறியதும் பட்டென்று வெடித்து விதையை எட்டத்துக்குத் தெறிக்கவிடும். மாசி மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் சத்தமே கேட்கும். விதை வேண்டுமென்றால், வெட்டிய கொத்துகளை ஒரு காகிதப் பைக்குள் போட்டு வாயைக் கட்டி வெயிலில் வையுங்கள். ஒரு காயில் அதிகபட்சம் நாலு விதை. தண்ணீர் பட்டால் விதை மேல் இருக்கும் மெல்லிய மயிர் ஊறி வழவழப்பாகிவிடும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். விதை வேண்டாம், தோட்டம் முழுக்க நாற்று முளைப்பதும் வேண்டாம் என்றால், காய் பச்சையாக இருக்கும்போதே, அதாவது தைக் கடைசியிலேயே வெட்டை முடித்துவிடுங்கள்.

மாவுப்பூச்சி அப்பியிருந்த கிளைகளை உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். வெட்டிய பிறகு அடித்தண்டு நன்றாகத் தெரியும். எறும்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறினால் எங்கேயோ மாவுப்பூச்சி இருக்கிறது. இலை இல்லாத இந்த நேரத்தில் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும், மருந்து அடிக்கவே வேண்டியதில்லை.

வெட்டியதும் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றாதீர்கள். இலையில்லாத செடி அதிகம் குடிக்காது. தேங்கினால் வேர் அழுகும். மண் காயாமல் மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை போதும். கணுவில் பச்சை எழும்பி அரிசியளவு வந்த பிறகு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் லேசாகக் கிளறி, மக்கிய சாணம் இரண்டு கை போட்டு மூடுங்கள். மேலே தென்னை மட்டைத் தூளோ காய்ந்த இலையோ பரப்பினால் பங்குனி, சித்திரை ஓடிவிடும்.

நுனி கிள்ளுதல்: வைகாசி, ஆனி, ஆடி முன்பாதி

பெரிய வெட்டை நன்றாகச் செய்பவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். பூ நிறைவதற்குக் காரணமே இதுதான்.

புதுத் தண்டு ஒரு சாண் நீளம் வந்ததும், கீழிருந்து மூன்றாவது அல்லது நாலாவது இலைச் சோடிக்கு மேலே நுனியைக் கிள்ளி எடுங்கள். கத்தரி தேவையில்லை, தண்டு பிஞ்சாக இருக்கும். கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரலும் போதும். நகத்துக்கு அடங்காமல் நார் நாராக வந்தால் தாமதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அப்போது கத்தரியை எடுங்கள்.

கணக்கைப் பாருங்கள். மாசியில் 6 தண்டு நிறுத்தினீர்கள். ஒவ்வொன்றிலும் மேல் கணுவிலிருந்து இரண்டு கிளை வந்தால் 12. வைகாசியில் கிள்ளினால் 24. ஆனியில் இன்னொரு முறை கிள்ளினால் 48. எல்லா மொட்டும் முளைத்துவிடாது, சில காற்றில் ஒடியும், சிலதை ஆடு தின்னும். இருந்தாலும் கார்த்திகையில் 30, 40 நுனி நிற்கும், ஒவ்வொரு நுனியிலும் ஒரு கொத்து. கிள்ளாமல் விட்ட செடியில் அதே 12 நுனிதான், அதுவும் எட்டாத உயரத்தில்.

ஆனி, ஆடியில் நமக்குச் சாரல். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதென்றால் புளியரைக் கணவாய் வழியாகக் காற்றும் வரும். கிள்ளிய செடி குட்டையாக, அடர்த்தியாக நின்று இந்தக் காற்றைத் தாங்கும். நீட்டி விட்ட செடி முதல் வாரத்திலேயே படுத்துவிடும். மலைக்கு மேற்கே இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, கொட்டித் தீர்க்கும் நாட்களில் கிள்ள வேண்டாம், ஈரத்தில் கிள்ளிய முனை கருகி இறங்கும். இரண்டு நாள் வெயில் அடிக்கிற இடைவெளிக்குக் காத்திருங்கள்.

ஆனியில் கிள்ளிய நுனி கொஞ்சம் முற்றலாக, மூன்று கணு நீளத்துக்கு இருந்தால் எறியாதீர்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மணலும் மக்கிய உரமும் கலந்த பையில் இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றி, நிழலில் வையுங்கள். சாரல் ஈரத்தில் வேர் பிடிக்கச் சில வாரம்தான். மாசியில் வெட்டிய குச்சியும் வேர் பிடிக்கும், ஆனால் அப்போது நிழலும் தண்ணீரும் நாம் காவல் இருந்து கொடுக்க வேண்டும்.

எல்லாக் கிள்ளலும் ஆடிப் பதினெட்டோடு சரி. அது ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும், மறக்க வழியில்லை. ஆற்றுக்குப் போகிற நாள். அன்றிலிருந்து கார்த்திகைக்கு மூன்றரை மாதம். புதுத் தண்டு நீண்டு, முதிர்ந்து, மொட்டுக் கட்ட அவ்வளவு தேவை.

ஆவணியிலிருந்து கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

ஆவணி, புரட்டாசியில் செடி பார்க்கச் சகிக்காது. ஒழுங்கில்லாமல் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். வெட்டத் தோன்றும். ஒரு நுனியை விரலால் விலக்கிப் பாருங்கள்: கடைசி இரண்டு இலைகளுக்கு நடுவில், இலையை விடச் சின்னதாக, ஓரத்தில் பல் வைத்த பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கியிருந்தால் அது பூங்கொத்து. ஆரம்பத்தில் சாதாரணத் துளிர் போலவே இருக்கும். அதனால்தான் பலர் தெரியாமல் சீவிவிடுகிறார்கள்.

வாசலை மறித்தால் வெட்டாமல் கட்டுங்கள். செடியைச் சுற்றி மூன்று குச்சி ஊன்றி, தேங்காய் நாரால் அல்லது பழைய புடவைக் கிழிசலால் தளர்வாக ஒரு சுற்று. ஒடிந்த கிளை, செத்த குச்சி ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், அதற்கு நாள் பார்க்க வேண்டாம்.

இந்த நேரத்தில் யூரியா போன்ற தழைச்சத்து உரம் வேண்டாம். போட்டால் இலை கருகருவென்று வரும், மொட்டு பின்தங்கும். சாணமும் ஒரு கை சாம்பலும் போதும். சரியான மாதத்தில் வெட்டியும் பூக்கவில்லை என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, இந்தத் தழைச்சத்து. இன்னொன்று, நிழல். மாமரத்தடியில் நட்டால் செடி சாகாது, பூக்கவும் பூக்காது. அரை நாள் வெயிலாவது நேராக விழ வேண்டும்.

ஐப்பசி மழையில் கொத்து நனைந்து சில மொட்டு அழுகும். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. மழை விட்டதும் செடியைப் பிடித்து மெதுவாக ஒரு உலுக்கு உலுக்கித் தண்ணீரை இறக்கினால் கொஞ்சம் தப்பும். பூப் பறிக்கும்போது கொத்தோடு ஒடிக்காமல், குழலைப் பிடித்துப் பூவை மட்டும் உருவுங்கள். அதே கொத்திலிருந்து பல நாள் பூ வரும். நீளமான குழல் என்பதால் தொடுப்பதும் சுலபம்.

கிழட்டுச் செடியும் தொட்டிச் செடியும்

பாட்டி வைத்த செடி, பல வருடமாக யாரும் தொடவில்லை, அடித்தண்டு கை மணிக்கட்டுப் பருமன் என்றால் ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் தரையோடு இறக்க வேண்டாம். பழைய தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதல் மாசியில் அடியோடு ரம்பத்தால் எடுங்கள். அந்த இடத்தில் வெளிச்சம் விழுந்ததும் வேர்ப்பக்கத்திலிருந்து புதுத் தண்டு வரும். அடுத்த மாசியில் இன்னொரு பங்கு, அதற்கடுத்த மாசியில் மிச்சம். இடையில் பூவும் நிற்காது. இப்படியும் தேறவில்லையென்றால் குச்சி ஊன்றிப் புதுச் செடி போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். இது சுலபமாக வளரும் செடி, அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

தொட்டியில் இருந்தால் ஒரு அடிக்குப் பதிலாக அரை அடி உயரம் போதும். தண்டும் மூன்று நாலு போதும். மாசி வெட்டின்போதே செடியைத் தட்டி எடுத்து, சுற்றிச் சுருண்ட வேரை ஓரத்தில் கொஞ்சம் சீவி, புது மண் போட்டு வைத்துவிடுங்கள்.

வேலியாக வரிசையில் நட்டிருந்தால் மேலே குறுகி அடியில் அகன்று இருக்கும்படி வெட்டுங்கள், இல்லாவிட்டால் கீழே வெயில் படாமல் மொட்டையாகிவிடும். வேலிக்குத் தட்டையாக உச்சி வேண்டும் என்று மாதா மாதம் சீவுபவர்கள் பூவை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டில் ஒன்றுதான்.

பக்கத்தில் இருக்கும் மற்ற செடிகள்

கிறிஸ்துமஸுக்குச் சிவக்கும் பாயின்செட்டியாவுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்: மாசி, பங்குனியில் பெரிய வெட்டு, ஆவணி முன்பாதிக்குள் கடைசிக் கிள்ளல். அதில் பால் வடியும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செம்பருத்தியும் புதுத் தண்டில்தான் பூக்கும், ஆனால் வருடம் முழுக்கப் புதுத் தண்டு விடுவதால் அதற்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை.

மல்லிகை வகைகளுக்கு மாதமே வேறு. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 சென்டிமீட்டரில் வெட்டச் சொல்கிறது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம். முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். குண்டுமல்லியை வெட்டுகிற அன்று, கத்தரிதான் கையில் இருக்கிறதே என்று பக்கத்தில் நிற்கும் டிசம்பர் செடியையும் தொட்டுவிடாதீர்கள். அது அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருக்கும்.